பச்சை எழுத்தில் 'நார்மல்': கையடக்க ஈசிஜி கருவியோடு 14 மாதங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திடீர் நெஞ்சு வலி வந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் இந்தக் கருவியை வாங்கப் போகிறீர்கள் என்றால், வேண்டாம். வந்துவிட்டுப் போகும் படபடப்பைப் பிடித்து மருத்துவரிடம் காட்டத்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள். இந்த வித்தியாசம் புரிய எனக்கு 14 மாதங்களும், ஒரு மோசமான இரவும் தேவைப்பட்டன.

பிராண்டுப் பெயரை எழுதப் போவதில்லை. விரல் வைத்து எடுக்கும் ஒற்றை லீடு கருவிகள் (லீடு என்றால் இதயத்தின் மின்சாரத்தைப் பார்க்கும் ஒரு கோணம்) எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. கைக்கடிகாரத்தில் வரும் ஈசிஜியும் இதே இனம்தான். அதனால் நான் சொல்வது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எனக்கு லூப்பஸ். 9 வருடங்கள் ஆகின்றன. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே உடலைத் தாக்கும் நோய் இது. மூட்டு, தோல், சிறுநீரகம், நுரையீரலைச் சுற்றியுள்ள உறை, இதயத்தைச் சுற்றியுள்ள உறை என்று எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். இந்த நோயோடு வாழும் பலருக்கும் நெஞ்சு வலி புதிய விருந்தாளி இல்லை. எனக்கு இதுவரை நான்கு விதமாக வந்திருக்கிறது. முதலாவது, விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் வீக்கம். விரலால் அழுத்தினால் 'ஆ' என்று கத்தத் தோன்றும், ஒரே இடம், காட்டிவிடலாம். இரண்டாவது, நுரையீரல் உறை அழற்சி. மூச்சை ஆழமாக இழுத்தால் கத்தி குத்துவது போலிருக்கும், இருமினால் உயிர் போகும், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டால் வலி நின்றுவிடும். மூன்றாவது, ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் வயிற்றைப் படுத்தியதால் வரும் எரிச்சல். நான்காவதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இந்த நான்கும் பழகிவிட்டதால் வரும் ஆபத்துதான் பெரிது. ஆரோக்கியமாக இருப்பவருக்கு நெஞ்சு வலித்தால் பயந்துபோய் உடனே கிளம்பிவிடுவார். நமக்கு அப்படி இல்லை. 'இது அதுவாகத்தான் இருக்கும்' என்று சொல்லிக்கொள்ள எப்போதும் ஒரு காரணம் கையில் இருக்கிறது. கூடவே, நான்கைந்து முறை அவசரப் பிரிவுக்குப் போய் 'பதட்டம்தான், போய்த் தூங்குங்கள்' என்று கேட்டுத் திரும்பி வந்த கூச்சமும் சேர்ந்துகொள்ளும். உண்மையில் லூப்பஸ் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதுவும் இளம் வயதிலேயே. 1997இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 35 முதல் 44 வயது வரையிலான லூப்பஸ் பெண்களுக்கு அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட 50 மடங்குக்கு மேல் மாரடைப்பு வாய்ப்பு இருந்தது. அந்த வயதில் மற்ற பெண்களுக்கு மாரடைப்பு வருவது மிக அரிது என்பதால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, அது சரி. ஆனாலும் 'சின்ன வயசுதானே' என்ற ஆறுதல் நமக்குச் செல்லாது என்று என் மருத்துவர் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் என் தங்கை இந்தக் கருவியை வாங்கிக் கொடுத்தாள். "அக்கா, இனிமே நடு ராத்திரியில நீயே யோசிச்சுக் குழம்ப வேண்டாம், இது சொல்லிடும்" என்றாள். அவள்மேல் தப்பு இல்லை, விளம்பரத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கருவியைப் பற்றி. சூயிங் கம் பட்டை அளவுதான், எடையே தெரியாது. மேலே இரண்டு உலோகத் தகடுகள். ஒவ்வொரு கையிலிருந்தும் விரல்களை ஒவ்வொரு தகட்டில் வைத்து, மேசை மேல் கைகளை ஊன்றி, பேசாமல் அசையாமல் 30 விநாடிகள் உட்கார வேண்டும். செல்பேசித் திரையில் கோடு ஓடும். முடிந்ததும் ஒரு வார்த்தை வரும்: நார்மல், அல்லது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது), அல்லது 'வகைப்படுத்த முடியவில்லை'. 1900களின் தொடக்கத்தில் வில்லெம் ஐந்தோவன் ஈசிஜியை உருவாக்கியபோது அந்த இயந்திரம் கிட்டத்தட்ட 270 கிலோ எடை, இயக்க ஐந்து பேர் வேண்டும், நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது அதில் ஒரு பகுதி என் சட்டைப் பையில் கிடக்கிறது என்று நினைத்தால் ஆச்சரியம்தான், அதை மறுக்கவில்லை.

'ஒரு பகுதி' என்றுதான் சொன்னேன், கவனித்தீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. மருத்துவமனையில் நெஞ்சில் ஆறு, கை கால்களில் நான்கு என்று பத்து மின்முனைகளை ஒட்டி, இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கிறார்கள். இந்தக் கருவி பார்ப்பது ஒரே கோணம், இடது கைக்கும் வலது கைக்கும் நடுவில். வீட்டைச் சுற்றி வந்து பார்ப்பதற்கும் வாசல் கதவின் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். துடிப்பு சீராக இருக்கிறதா, வேகம் எவ்வளவு என்பதற்குச் சாவித் துவாரம் போதும். ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்பதற்குப் போதாது. இன்னும் சொல்லப்போனால் பன்னிரண்டு கோண ஈசிஜியே சில மாரடைப்புகளில் சாதாரணமாகத்தான் இருக்கும். அதனால்தான் டிராப்போனின் என்ற ரத்தப் பரிசோதனையை ஒருமுறை எடுத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் கருவியோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது. 'இந்தச் சாதனம் மாரடைப்பைக் கண்டறியாது' என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பொடி எழுத்தில், பல பக்கங்கள் தாண்டி. நான் அதைப் படித்தது வாங்கி ஐந்து மாதங்கள் கழித்து, மருத்துவமனைக் கட்டிலில்.

அந்த இரவுக்கு வருகிறேன். இரண்டு நாட்களாக லேசான காய்ச்சல் போல ஓர் உணர்வு, ஆனால் வெப்பமானியில் ஒன்றும் இல்லை (ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் ஒளிந்துகொள்ளும், அதையும் மறந்துவிட்டேன்). இரவு இரண்டு மணிக்கு நெஞ்சின் நடுவில் வலி எழுப்பியது. மல்லாந்து படுத்தால் தாங்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து தலையணையைக் கட்டிக்கொண்டு முன்பக்கம் குனிந்தால் கொஞ்சம் அடங்கியது. இடது தோள்பட்டையில் ஓர் இழுப்பு. கருவியை எடுத்தேன். முதல் முறை 'வகைப்படுத்த முடியவில்லை'. இரண்டாவது முறையும் அதே. கை நடுங்கினால் கோடு புல் முளைத்த மாதிரி ஆகிவிடும். மூன்றாவது முறை பச்சை எழுத்தில் 'நார்மல்', துடிப்பு 96.

அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! கணவரை எழுப்பக்கூட இல்லை. ஒரு வயிற்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தேன். மூன்றரைக்கு இன்னொரு முறை எடுத்தேன், நார்மல். நான்கரைக்கு இன்னொன்று, நார்மல். வலி மட்டும் அது பாட்டுக்கு இருந்தது. ஐந்து மணிக்கு அவர் எழுந்து வந்து என்னைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நார்மல்னா அப்புறம் ஏன் இப்படி உட்கார்ந்திருக்க?" பதில் இல்லை. கிளம்பினோம்.

இதய உறை அழற்சி. நான் சொன்ன நான்காவது வலி. எக்கோவில் (இதயத்தை ஒலி அலைகளால் படம் பிடிக்கும் ஸ்கேன்) இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருப்பது தெரிந்தது, நல்லவேளை அதிகமில்லை. படுத்தால் கூடுவதும் முன்னால் குனிந்தால் குறைவதும் இந்த வலியின் கையெழுத்து என்று பிறகு தெரிந்துகொண்டேன். நீர் அதிகமாகி இதயத்தை அழுத்த ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனை ஈசிஜியில் பல லீடுகளில் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. பணியிலிருந்த மருத்துவரிடம் என் செல்பேசியை நீட்டி 'இதில் நார்மல் என்றுதானே வந்தது' என்று கொஞ்சம் வாதம் செய்யும் தொனியிலேயே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "துடிப்பு சீரா இருக்கான்னு இதுகிட்ட கேட்டீங்க, சீரா இருக்குன்னு சொல்லிருச்சு. வலி எதனாலன்னு இதுக்குத் தெரியாதும்மா" என்றார்.

அந்த மூன்று மணி நேரத்தை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். கருவி பொய் சொல்லவில்லை. நான் கேட்காத கேள்விக்குச் சரியான பதில் சொன்னது, நான் அதை என் கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டேன். ஆனால் வடிவமைத்தவர்களையும் முழுதாக விட்டுவிட முடியாது. அந்த நிறம் பச்சையாக இருக்க வேண்டுமா? 'நார்மல்' என்ற வார்த்தைக்குப் பதில் 'துடிப்பு சீராக உள்ளது, நெஞ்சு வலி இருந்தால் இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்' என்று அதே பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? பதிவு தொடங்கும் முன் 'உங்களுக்கு இப்போது நெஞ்சு வலி இருக்கிறதா' என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆம் என்றால் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு மாதச் சந்தா கட்டச் சொல்லி மட்டும் மூன்று முறை கேட்கிறது.

சரி, நல்லதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது.

எனக்கு வருடத்தில் சில முறை திடீரென்று இதயம் பிய்த்துக்கொண்டு ஓடும். ஸ்விட்ச் போட்ட மாதிரி ஆரம்பித்து, ஐந்து பத்து நிமிடங்களில் ஸ்விட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். நெஞ்சில் இறுக்கம் வரும், தலை கிறுகிறுக்கும். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகிவிடும், ஈசிஜியில் ஒன்றும் இருக்காது. ஒரு நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு திரியும் ஹோல்டர் கருவியையும் இரண்டு முறை போட்டுப் பார்த்தார்கள். அந்த நாட்களில் இதயம் அவ்வளவு ஒழுக்கமாக இருந்தது! இந்தக் கருவி வந்த பிறகு ஒரு மதியம் அது நடக்கும்போதே பிடித்துவிட்டேன். திரையில் வந்த வார்த்தை என்னவோ 'வகைப்படுத்த முடியவில்லை'தான். ஆனால் கோட்டை அப்படியே பிடிஎஃப் ஆக அனுப்பினேன். இதய மருத்துவர் பார்த்த ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: எஸ்விடி. இதயத்தின் மேல்பகுதியிலிருந்து வரும், வேகமான ஆனால் சீரான துடிப்பு, 170க்கு மேல். 'பதட்டம்' என்று நான்கு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த விஷயத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு பெயர் கிடைத்தது. மூச்சைப் பிடித்து முக்கிப் பிறகு படுத்துக் காலைத் தூக்கும் ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தார், மாத்திரையும் தந்தார். அன்று நான் அழுதது நிம்மதியில்.

ஆக இந்தக் கருவியின் வார்த்தைக்கு நான் கொடுக்கும் மதிப்பு குறைவு, அது போடும் கோட்டுக்குக் கொடுக்கும் மதிப்பு அதிகம். கோட்டைப் படிக்கத் தெரிந்த ஆள் எதிரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாள்பட்ட நோயுள்ளவர்களுக்கு மட்டும் வரும் சில தொல்லைகளை மற்ற மதிப்புரைகளில் நான் பார்க்கவில்லை. லூப்பஸ்காரர்கள் பலருக்கு ரேனாட்ஸ் இருக்கும், குளிர்ந்தால் விரல்கள் வெளுத்து நீலமாகி ஐஸ் கட்டியாகிவிடும். அப்படிப்பட்ட காய்ந்த, சில்லிட்ட விரலைத் தகட்டில் வைத்தால் தொடர்பு சரியாகக் கிடைப்பதில்லை. வெந்நீரில் கையைக் காட்டிவிட்டு, துளி ஈரத்தோடு வைத்தால் கோடு தெளிவாக வருகிறது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. மூட்டு வீங்கியிருக்கும் காலையில் 30 விநாடிகள் அழுத்தாமல் இறுக்காமல் விரல்களை வைத்திருப்பதும் லேசான வேலையில்லை. இறுக்கினால் தசையின் மின்சாரமும் கோட்டில் ஏறிக்கொள்ளும். கைகளை மடியில் தொங்கவிடாமல் மேசையில் முழங்கை வரை படிய வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கூடவே நான் வைத்திருக்கும் விரல் ஆக்சிமீட்டருக்கும் இதே குளிர் விரல் பிரச்சினை உண்டு, அதோடு தோல் கறுப்பாக இருந்தால் அது ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எண் நன்றாக இருக்கிறது, ஆனால் மூச்சு முட்டுகிறது என்றால் மூச்சைத்தான் நம்ப வேண்டும். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தாலும் திடீர் நெஞ்சு வலி வரும், லூப்பஸில் ரத்தம் எளிதில் உறையும் தன்மை சிலருக்கு உண்டு, அதை இந்த ஈசிஜி கருவியோ அந்த ஆக்சிமீட்டரோ சொல்லாது.

சர்க்கரை நோயுள்ள நண்பர்கள் கேட்டிருந்தார்கள், அவர்களுக்கும் என் பதில் இதுதான், இன்னும் அழுத்தமாக. நீண்ட நாள் சர்க்கரையில் நரம்பு பாதித்திருந்தால் மாரடைப்பே வலியில்லாமல் வரலாம். வெறும் வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல், இனம் தெரியாத அசதி. வலியே இல்லையே, கருவியும் நார்மல் என்கிறதே என்று இரண்டு ஏமாற்றுகளை ஒரே நேரத்தில் நம்பிவிடக் கூடாது.

இந்த 14 மாதங்களில் இதைவிட அதிகம் உதவிய 'கருவி' எது என்று கேட்டால் ஒரு காகிதத்தைச் சொல்வேன். அந்த இரவுக்குப் பிறகு என் வாத நோய் மருத்துவரோடு உட்கார்ந்து எழுதியது, ஒரே பக்கம், பிளாஸ்டிக் உறை போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, ஒரு நகல் பையில். மேலே என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம். அதற்குக் கீழே தடித்த எழுத்தில், ஸ்டீராய்டை நீண்ட நாளாக எடுக்கிறேன், திடீரென்று நிறுத்தக் கூடாது என்று. அவசரத்தில் இதைச் சொல்ல மறந்துவிடுவோம், நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அப்புறம் ஆஸ்பிரின் பற்றி ஒரு வரி. மாரடைப்பு சந்தேகம் வந்தால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு ஆஸ்பிரினை மென்று விழுங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு, அதனால் நானாக எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. உங்களுக்கு எப்படி என்பதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே, வலி இல்லாத நாளில், கேட்டு வையுங்கள்.

அடியில் ஒரு பட்டியல், எப்போது யோசிக்காமல் கிளம்ப வேண்டும் என்று: பழக்கமில்லாத வலி, அழுத்துவது போலவோ பிழிவது போலவோ, கை தாடை முதுகுக்குப் பரவினால், வியர்த்தால், மயக்கம் வந்தால், மூச்சு முட்டினால், படுக்க முடியாமல் போனால். அதற்குக் கீழே என் கணவர் அவர் கையால் ஒன்று சேர்த்திருக்கிறார்: 'கருவி என்ன சொன்னாலும் என்னை எழுப்பு.'

போன மாதம் அந்தக் காகிதத்தைப் பயன்படுத்தினோம். மறுபடியும் நெஞ்சு வலி, இந்த முறை கருவியைத் தொடவே இல்லை. அவசரப் பிரிவில் காகிதத்தை நீட்டியதும் பேச்சே மாறிவிட்டது, 'பதட்டமா' என்று யாரும் ஆரம்பிக்கவில்லை. ஈசிஜி, டிராப்போனின் இரண்டு முறை, எக்கோ எல்லாம் பார்த்துவிட்டு விலா எலும்பு வீக்கம்தான் என்று அனுப்பினார்கள். வீணாகப் போனோமோ என்று வழக்கம்போல ஒரு கூச்சம் எட்டிப் பார்த்தது. வெளியே வரும்போது ஒரு செவிலியர் அக்கா "ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுக்கத்தானே வந்தீங்க, தெரிஞ்சிடுச்சுல்ல" என்று சிரித்தார்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: படபடப்புக்கு ஐந்தில் நான்கரை. நெஞ்சு வலிக்கு மதிப்பெண்ணே இல்லை, அது இந்தத் தேர்வை எழுதவே இல்லை. செயலிக்கு இரண்டு, அதிலும் ஒன்று பிடிஎஃப் வசதிக்காக. சந்தா கட்டாமலே பதிவு செய்யலாம், பழைய பதிவுகளைச் சேமித்து வைக்கத்தான் காசு கேட்கிறது. ஒவ்வொரு பதிவையும் அன்றன்றே வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டால் அந்தச் செலவும் இல்லை. நாணய வடிவ பேட்டரி, எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் வந்தது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் பழைய பேட்டரியை மேசையில் விட்டுவிடாதீர்கள், விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். என்னுடையது போன வாரம்தான் தீர்ந்தது, புதியது போட்டுப் பைக்குள் வைத்திருக்கிறேன், காகிதத்துக்குப் பின்னால்.